அரைப்பேரு

போன வியாழக்கிழமை. மாத்தளை டவுனில் மஹ்ரூப் நானாவின் துணிக்கடை.

நானும் ரோசம்மாவும் உள்ளே நுழைகிறோம். ஓர் ஆண்பிள்ளைச் சட்டை வாங்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. நானா வழக்கம்போல் "வாங்க டீச்சர், வாங்க வாங்க" என்று எழுந்தார். எழுந்தவர் எனக்குப் பின்னால் நின்ற ரோசம்மாவைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"டீச்சர்... இவங்க... அந்த நாடகத்துல வந்த பொம்பளதானே?"

"அவங்களேதான்."

"அல்லாவே! கோவிச்சிக்காதீங்க டீச்சர், கேக்குறேன். நாடகம்னா அவங்க அவங்க பாட்டுக்குப் பேசிட்டுப் போவாங்க, நாம பாத்துக்கிட்டு இருப்போம். இவங்க என்னடான்னா எங்க ஊட்டு ஹோலுக்குள்ளயே எட்டிப் பாக்குறாங்க! எங்க பொஞ்சாதி பதறிப்போயி முக்காட்ட இழுத்து விட்டுக்கிட்டா. சோறு தின்னுக்கிட்டிருந்த நானே பீங்கானக் கீழ வெச்சிட்டேன். என்னத்துக்கு எங்களையே அப்புடிப் பாத்தாங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் ரோசம்மா முந்திக்கொண்டாள்.

"ஒங்கள யாரு பாத்தா? நான் ஏந் தம்பியப் பாத்தேன்."

நானாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உங்களுக்கும் விளங்கியிருக்காது. இருங்கள்... முதலிலிருந்து சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் டிவியில் போகிற அந்தத் தொடர் நாடகத்தைப் பற்றிப் பத்திரிகையின் இதே பக்கத்தில் நான் ஏற்கெனவே பீற்றிக்கொண்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 'மொழி ஆலோசனை' என்று போட்டு என் பெயர் வருகிறதே — கண்ணைச் சிமிட்டினால் போய்விடும் — அதே நாடகம்தான். இதுவரை மூன்று வாரம் போயிருக்கிறது. மூன்று வாரமும் என் பெயர் வருகிற நேரம் பார்த்து என் வீட்டுக்காரருக்குத் தும்மல் வந்தது. அது தானாக வந்த தும்மல் இல்லை என்பது என் தாழ்மையான கருத்து.

கதை எண்பத்து மூன்றில் நடக்கிறது. ஒரு தோட்டக் குடும்பம். கலவரத்தோடு பாதிப்பேர் வன்னிக்கு லொறி ஏறுகிறார்கள். மீதிப்பேர் மலையிலேயே நின்றுவிடுகிறார்கள். அப்புறம் யுத்தம், பாதை அடைப்பு, இவர்களுக்கு அவர்கள் இருக்கிறார்களா இல்லையா என்றே தெரியாத வருஷங்கள். எழுதியவர் யாழ்ப்பாணத்துக்காரர், தங்கமான மனிதர். "முழுக்கக் கற்பனை, மிஸ்" என்றார் என்னிடம். கற்பனையாம்! ரத்தோட்டைப் பக்கம் எந்த லயத்து வீட்டுக் கதவைத் தட்டினாலும் இந்தக் கற்பனைதான் வந்து கதவைத் திறக்கும்.

கதையில் குறையில்லை. பேச்சில்தான் கோளாறு. கொழுந்துக் கூடையை மாட்டிய பெண் கங்காணியிடம், "எனக்குக் காய்ச்சல், நாளைக்கு வேலைக்கு வரமாட்டன்" என்கிறாள். பக்கத்தில் நிற்பவள், "நீர் இஞ்ச வாரும், நான் கதைக்கிறன்" என்கிறாள். ரிவர்ஸ்டன் மலையில் யாழ்தேவி ரயில் வந்து நின்றமாதிரி இருந்தது எனக்கு! 'வரமாட்டன்' எல்லாவற்றையும் 'வரமாட்டேங்க' ஆக்குவதுதான் எனக்குக் கொடுத்த வேலை. செய்தேன். நன்றாகவே செய்தேன். தன்னடக்கத்துக்கு இந்தப் பத்தியில் இடம் போதாது.

படப்பிடிப்பு ரிவர்ஸ்டனுக்குக் கீழே ஒரு தோட்டத்தில். கூட்டத்தில் நிற்பதற்கு அந்த லயத்து ஆட்களையே பிடித்திருந்தார்கள். "பழைய காலத்துக் கதை, பழைய சேலை கட்டிக்கொண்டு வாங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். எல்லாரும் அப்படித்தான் வந்தார்கள். ஒருத்தி மட்டும் நீலப் பட்டுச்சேலை, முகத்தில் பவுடர், தலையில் ஒரு கொத்துப் பூ. கல்யாண வீட்டுக்குப் போகிற வழியில் இறங்கினவள் மாதிரி நின்றாள். உடுப்புப் பொறுப்பில் இருந்த பெண் கெஞ்சிப் பார்த்தாள், அதட்டியும் பார்த்தாள். "அழுக்குச் சேல கட்டிக்கிட்டு டிவில வரமாட்டேங்க." அவ்வளவுதான் பதில். பெயர் கேட்டேன். ரோசம்மா என்றாள். ரோசம் பெயரிலேயே இருக்கிறதே, அப்புறம் யார் என்ன செய்ய?

கடைசியில் சேலைக்கு மேல் ஒரு சாக்குப் படங்கைச் சுற்றிவிட்டுச் சமாளித்தார்கள்.

லொறிக் காட்சி. சனம் மூட்டை முடிச்சோடு லொறியில் ஏறுகிறது. போகிறவர்கள் அழ வேண்டும். நிற்கிறவர்களும் அழ வேண்டும். டைரக்டர் நிஹால், சிங்களப் பையன், சின்ன வயசு, எடுத்ததற்கெல்லாம் பதறுகிற சுபாவம். கமரா ஓடுகிறது. சனம் அழுகிறது. ரோசம்மா மட்டும் அழவில்லை. லொறியையும் பார்க்கவில்லை. நேராக, கண்ணிமைக்காமல், கமராவையே பார்க்கிறாள்.

"கட்! அக்கே, கெமராவ திஹா பலன்ன எப்பா!" என்று நிஹால் கத்தினார். கமராவைப் பார்க்காதே என்று அர்த்தம். ரோசம்மாவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். தலையை ஆட்டினாள். மறுபடி கமரா ஓடியது. மறுபடி அதே பார்வை!

அப்படியே பகல் போய்விட்டது. இடையில் பனி வேறு வந்து மூடிக்கொண்டது. நிஹால் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். "அந்தப் பெண்ணைக் கூட்டத்திலிருந்து எடுங்கள். மிஸ், நீங்களாவது போய்ச் சொல்லுங்கள்."

தேத்தண்ணி இடைவேளையில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்ன ரோசம்மா, அத்தனை தரம் சொல்றாங்க... ஏன் பார்க்கிறீங்க?"

"பாக்கலைன்னா அவனுக்கு எப்புடித் தெரியும் டீச்சர்?"

"எவனுக்கு?"

"ஏந் தம்பிக்கு."

அப்புறம்தான் சொன்னாள். அந்தக் காலத்தில் அவர்கள் இருந்தது யட்டவத்தைப் பக்கம் ஒரு தோட்டத்தில். எண்பத்து மூன்றில் லயம் எரிந்தது. வன்னிக்கு ஆள் ஏற்ற லொறி வந்தது. தாய் தகப்பன் இல்லாத தம்பி, இவள் கையால் சோறு தின்று வளர்ந்தவன், ஏறிவிட்டான். இவள் கையில் பச்சைப்பிள்ளை. புருஷன் போக வேண்டாம் என்றுவிட்டார். "ஒரு மாசத்துல வந்து கூட்டிக்கிட்டுப் போறேங்கா" என்று லொறியில் நின்றபடி கத்தினானாம்.

மாசம் வருஷமாகி, வருஷம் இருபதாகிவிட்டது. இவர்கள் பிழைப்புக்காக மலைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். புருஷனும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பச்சைப்பிள்ளை இப்போது கொழும்பில் வேலை செய்கிறது. தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

"தேடலையா?"

"தேடாம இருப்பேனா? பாதை தொறந்ததும் வன்னிப் பக்கம் மடு மாதா திருவிழாவுக்குப் போனேன். கோயில் மைக்குல சொல்லச் சொன்னேன். 'மாத்தளையச் சேர்ந்த அந்தோணி எங்கிருந்தாலும் மாதா கெபிக்குப் பக்கத்துல வரவும்'னு. வந்தாங்க டீச்சர்... ஒருத்தர் பின்னால ஒருத்தரா! கெழட்டு அந்தோணி, மொட்ட அந்தோணி, பொண்டாட்டி புள்ளையோட ஒரு அந்தோணி. மாத்தள எந்தப் பக்கம்னே தெரியாத ஒரு அந்தோணி, சும்மா என்னா ஏதுன்னு பாத்துட்டுப் போக வந்தானாம்! நம்ம அந்தோணி மட்டும் வரல."

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அவன் எங்கயாச்சும் ஒரு கடவாசல்ல நின்னு டிவி பாப்பான்ல? நான் சைடுல பாத்துக்கிட்டு நின்னா, யாரோ ஒரு பொம்பளன்னு போயிருவான். வயசாயிருச்சுல்ல? நேருக்கு நேரா பாத்தாத்தானே அடையாளந் தெரியும்?"

"அதுக்குத்தான் பட்டுச்சேலையா?"

"பின்ன? அக்கா கஷ்டப்படுறான்னு நெனச்சிரக் கூடாதுல்ல டீச்சர்."

அந்த மலையில் அன்றைக்கு நடிப்பென்று ஒன்று நடந்துகொண்டிருந்தது. நடிக்காமல் நின்ற ஒரே ஆளைத்தான் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் சும்மா இருப்பேனா? நிஹாலிடம் போனேன். விஷயத்தைச் சொன்னேன். பாவம், அவர் கண்ணும் கலங்கியது. ஆனால் தலையை ஆட்டவில்லை. "மிஸ், எண்பத்து மூன்றில் அந்த லொறிக்கு முன்னால் கமரா எங்கே இருந்தது? ஒருத்தர் பார்த்தாலும் போச்சு. பார்க்கிறவர்களுக்கு இது பொய் என்று தெரிந்துவிடும்." தொழில்காரன் பேச்சு. அதிலும் நியாயம் இருந்தது. எனக்கு நியாயம் இருந்தாலே கோபம் வரும்.

லொறியை ஓரம் கட்டிவிட்டு, பனி விலகும்வரை லயத்துக் காட்சியை எடுக்கலாம் என்றார்கள். நாடகத்து அக்கா நாடகத்துத் தம்பியை எழுப்புகிறாள். கொழும்பிலிருந்து வந்த நடிகை, நல்ல பிள்ளை. கையில் இருந்த தாளில் 'எழும்படா, அரைநாள் சம்பளம்தான் கிடைக்கும்' என்று இருந்தது. அதை நான் ஏற்கெனவே வெட்டி, 'அரைப்பேர்தான் போடுவாங்க' என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

மலைக்குக் கீழே இருக்கிற வாசகர்களுக்காக ஒரு வரி. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு 'பேர்' போடுவார்கள். காலையில் சங்கு ஊதியதும் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் போய் நின்றால்தான் முழுப்பேர். பிந்திப் போனால் அரைப்பேர்.

நடிகை வாசித்தாள். "அரை... பேர்?" செய்தி வாசிக்கிறமாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "மிச்சப் பேர் என்ன மிஸ்?"

வெளியே இஸ்தோப்புத் திண்ணையிலிருந்து குபீரென்று ஒரு சிரிப்பு. பார்த்தால் ரோசம்மா! வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

"ஏந் தம்பிக்கே அதாங்க பேரு! ஒரு நாளாச்சும் நேரத்தோட பெரட்டுக்குப் போயிருப்பானா? கங்காணி போட்ட அரப்பேரு எல்லாம் சேந்து, அதுவே அவனுக்குப் பேராயிருச்சு. அந்தோணின்னு அவன யாரு கூப்பிட்டா? தோட்டமே அரப்பேருன்னுதான் கூப்பிடும்!"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. "அடி ஆத்தே! அப்ப மடுவில மைக்கில ஏன் அதைச் சொல்லல?"

ரோசம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மாதா கோயில் மைக்குல போயி அரப்பேருன்னு சொல்றதா? சாமியார் என்னா நெனப்பாரு? அத்தன சனத்துக்கு முன்னால அவனுக்குத்தான் மானம் போயிராதா?"

இதுதான் நம் ஆட்கள்! வீட்டில் ஒரு பேர், வெளியே ஒரு பேர். காணாமல்போனவனைத் தேடும்போதும் மரியாதையான பேரைச் சொல்லித்தான் தேடுவோம்.

"சரி, வீட்டில எப்படிக் கூப்பிடுவீங்க? ஒருக்காச் சொல்லுங்க பார்ப்போம்."

இடுப்பில் கையை ஊன்றினாள். மலையைப் பார்த்து ஒரு சத்தம் கொடுத்தாள். "அடே அரப்பேரூ! சங்கு ஊதியாச்சுடா, எந்திரிடா!"

லயத்தில் நாலு நாய் குரைத்தது. லொறிக்குள் தூங்கிக்கொண்டிருந்த ட்ரைவர் எழுந்து உட்கார்ந்தார். நிஹாலுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் துள்ளிக்கொண்டு வந்தார், "ஹரி! ஹரி!" என்று. சரி, இதுதான் வேண்டும் என்று அர்த்தம். நடிகையும் தாளைக் கீழே வைத்துவிட்டாள். "இது எனக்கு வராது மிஸ். அவங்களே வெளியில நின்னு கூப்பிடட்டும், பக்கத்து வீட்டு அக்கா மாதிரி."

இங்கேதான் அடுத்த சண்டை.

"மூஞ்சி தெரியுமா?" என்றாள் ரோசம்மா.

"தெரியாது. சத்தம் மட்டுந்தான்."

"அப்ப எனக்கு வேணாம்."

அரைமணி நேரம் பேச்சுவார்த்தை. நாட்டில் அப்போது நடந்துகொண்டிருந்த பேச்சுவார்த்தைக்கு இது கொஞ்சமும் குறைந்ததில்லை. நடுவர் நான். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். ரோசம்மா சத்தத்தைக் கொடுப்பாள். பதிலுக்கு லொறிக் காட்சியில் அவளைக் கூட்டத்திலிருந்து விலக்காமல் பின்வரிசையில் நிற்க விட வேண்டும். "ஆனால் பார்க்கக் கூடாது" என்றார் நிஹால். "பாக்கல" என்றாள் ரோசம்மா. அவள் சொன்ன தினுசிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

பின்னேரம் பனி ஒரு தரம் விலகியது. ஒரே ஒரு தரம்! மலை, லொறி, சனம், எல்லாம் கண்ணாடி மாதிரித் தெரிந்தது. எடுத்தார்கள். அழகான காட்சி. பின்வரிசையில் ரோசம்மா, முன்னால் நின்றவளின் தோளுக்கு மேலால் கழுத்தை நீட்டி... நேராகக் கமராவுக்குள்! எடுத்து முடிக்க மறுபடி பனி இறங்கிவிட்டது. நிஹால் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதைத்தான் போட வேண்டியதாயிற்று. மஹ்ரூப் நானாவின் வீட்டில் முக்காடு இழுபட்ட கதை அதுதான்.

நாடகம் லொறியில் தொடங்கிப் பின்னோக்கிப் போகிறது. ஆகவே முதல் வாரம் போனது ரோசம்மாவின் முகம். தோட்டத்தில் கார் பெற்றரி போட்டு ஓடுகிற ஒரு டிவி. லயமே அதன் முன்னால் உட்கார்ந்து கைதட்டியதாம்.

வன்னியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

அந்த வாரம் பௌர்ணமிப் போயா லீவுக்கு அலுவிகாரையில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். "யாராச்சும் கேட்டாங்களா டீச்சர்?" இல்லை என்றேன். பிளேன்டியை ஒரு வாய் குடித்துவிட்டு வைத்தாள். வாசலுக்கு வெளியே, வன்னிக்குப் போகிற ஏ நைன் பாதையில் பஸ் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேராத்தானே பாத்தேன்? உசுரோட இருந்தா பாத்திருப்பான்ல..."

ஊரில் வாயாடி என்று பேர் எடுத்தவள் நான். அன்றைக்கு எழுந்து போய் அவள் பிளேன்டியைச் சூடாக்கிக் கொண்டுவரத்தான் முடிந்தது.

இரண்டாம் வாரம் அவள் சத்தம் போனது. செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு ஒரு போன். நம்பரைப் பத்திரிகை ஆபீஸில் வாங்கினாராம்.

"ஹலோ, வவுனியாவிலயிருந்து கதைக்கிறன். நீங்கள் எழுதுறதை நான் ஒரு கிழமையும் விடுறேல்லை. கொஞ்சம் நீட்டா எழுதினால் என்ன? தேத்தண்ணி ஆறமுதல் முடிஞ்சு போகுது."

"நன்றி ஐயா. விஷயம்?"

"நான் இஞ்ச சாப்பாட்டுக்கடை வச்சிருக்கிறன். என்ர கடையில கொத்துரொட்டி போடுற ஆள் ஞாயிற்றுக்கிழமை தொடக்கம் ஒழுங்கா வேலை செய்யிறானில்லை. எல்லாம் உங்கட நாடகத்தாலதான். உங்கட பேர் அதில போனதைப் பார்த்தனான், அதுதான் எடுத்தன். இந்தாங்கோ, அவனோட நீங்களே கதையுங்கோ."

பார்த்தீர்களா? என் பெயரை ஒருவர் பார்த்திருக்கிறார்! வீட்டுக்காரரை ஒரு முறை முறைத்துவிட்டுக் காதைக் கொடுத்தேன்.

"வணக்கம் மிஸ். நான் அந்தோணி கதைக்கிறன்."

எழுந்து நின்றுவிட்டேன். ஆனாலும் மடுவில் வரிசையில் வந்த அந்தோணிகள் ஞாபகத்துக்கு வந்தார்கள். இதுவும் அந்த வரிசையில் ஒன்றாக இருந்தால் ரோசம்மா தாங்குவாளா? குரலைக் கடுமையாக்கிக்கொண்டேன். "எந்த அந்தோணி?"

"மாத்தளைதான் மிஸ். இப்ப கனகாலம் இஞ்சதான் இருக்கிறன்."

"வேற பேர் ஏதும் இருக்கா?"

அந்தப் பக்கம் ரிசீவரைக் கையால் பொத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் மெதுவாக, கடையில் இருக்கிறவர்களுக்குக் கேட்கக் கூடாது என்கிறமாதிரி...

"அரப்பேருன்னு கூப்பிடுவாங்க."

'கதைக்கிறன்' என்று தொடங்கிய ஆள் 'கூப்பிடுவாங்க' என்று முடித்தார். மொழி ஆலோசகருக்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்? எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்ல வெட்கமில்லை, சத்தமாகவே வந்தது.

முதல் வாரம் அவர் டிவியே பார்க்கவில்லையாம். ஞாயிறு ராத்திரி கடையில் நல்ல கூட்டமாம். இரண்டாம் வாரமும் டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொத்து போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கொத்துரொட்டிக் கடைச் சத்தம் உங்களுக்குத் தெரியும். அந்தத் தகரச் சத்தத்துக்குள்ளே "அடே அரப்பேரூ!" என்று கேட்டிருக்கிறது. கை தானாக நின்றதாம். திரும்பிப் பார்த்தால்... டிவியில் ஒரு குழந்தை பால்மா குடித்துக்கொண்டிருந்தது. விளம்பரம்!

"அக்கா மூஞ்சிய நான் பாக்கவே இல்ல மிஸ். சத்தந்தான் கேட்டேன். அக்காதானா? உசுரோட இருக்காங்களா? இந்தியாவுக்குக் கப்பலேறிட்டாங்கன்னு சொன்னாங்களே..."

பாதை திறந்ததும் அவரும் யட்டவத்தைக்கு வந்து தேடியிருக்கிறார். லயம் இருந்த இடத்தில் மிளகுக் கொடி நின்றதாம். யாரோ ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், "அவங்க அப்பவே இந்தியாவுக்குப் போயிட்டாங்க" என்று சொல்லியிருக்கிறார். திரும்பிப் போய்விட்டார். அக்கா தம்பியைத் தேடி மடுவுக்குப் போன பஸ்ஸும், தம்பி அக்காவைத் தேடி வந்த பஸ்ஸும் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போயிருக்கும். நான் உள்ளே உட்கார்ந்து நாடகத்துக்குத் தமிழ் திருத்திக்கொண்டிருந்திருப்பேன்.

நாடகங்களில் குடும்பங்களைத் துப்பாக்கி பிரிக்கிறது, பாலம் உடைந்து பிரிக்கிறது. இங்கே 'இந்தியாவுக்குப் போயிட்டாங்க' என்று போகிறபோக்கில் ஒருவர் சொன்னதே போதுமாக இருந்திருக்கிறது. இதை எந்த டைரக்டர் எடுப்பார்? எடுத்தால் சப்பென்று இருக்கும் என்பார்.

மறுநாள் காலையே பஸ் ஏறி மலைக்குப் போனேன். ரோசம்மா கொழுந்து மலையில் நின்றாள். என்னைக் கண்டதும் கூடையோடு இறங்கி வந்தாள். பாதி வழியில் நின்றுவிட்டாள். கிட்ட வரப் பயம்.

"இருக்கானா?" என்றாள் அங்கிருந்தே.

"வவுனியாவில கொத்துரொட்டி போடுறான்!" என்று கத்தினேன்.

அப்படியே தேயிலைக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து நிரையிலிருந்த பெண்கள் எல்லாம் ஓடிவந்தார்கள். அழுதாள், சிரித்தாள், மாதாவைக் கூப்பிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து, "அவனுக்கு ரொட்டி சுடவே தெரியாதே டீச்சர்!" என்றாள். இன்னும் கொஞ்சம் கழித்து, "என்னையப் பாத்தானாமா?"

"இல்ல. கேட்டானாம்."

வந்தது பாருங்கள் ரோசம்! "அத்தன பாடுபட்டு மூஞ்சியக் காட்டினேன்... அந்தத் தடியன் முதுகக் காட்டிக்கிட்டு நின்னானா?"

இப்போது மறுபடியும் மஹ்ரூப் நானாவின் கடைக்கு வருவோம். தம்பிக்குத்தான் சட்டை. நானாவுக்குக் கதையைச் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் தோளில் கிடந்த துண்டு கண்ணுக்குப் போய்விட்டது. "அப்ப எங்க ஊட்டுக்குள்ள தாராளமாப் பாக்கட்டும் டீச்சர்" என்றார். அப்புறம் கடைக்காரராகி, "என்னா சைஸு?" என்றார்.

ரோசம்மா இரண்டு கையையும் காற்றில் பிடித்துக் காட்டினாள். குச்சி மாதிரி ஒரு பையனின் அகலம்.

"அரக்கையா, முழுக்கையா?"

"அரக்கையே போதும். ஒல்லிப் பய."

நான் ஏதோ சொல்ல வந்தேன். இருபது வருஷம், கொத்துரொட்டிக் கடை... வேண்டாம், அவள் ஆசை என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. மாத்தளை பஸ் ஸ்டாண்ட். வவுனியா பஸ் பகலுக்கு முன்னால் வர வேண்டும். வரவில்லை. ரோசம்மா அதே நீலப் பட்டுச்சேலையில், சட்டைப் பார்சலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறாள். உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. தண்ணீர் கொடுத்தால் குடிக்கவில்லை. வரமாட்டானோ? வழியில் ஏதாவதோ? பாதை இன்றைக்குத் திறந்திருக்கும், நாளைக்கு யாருக்குத் தெரியும்? இருபது வருஷம் பொறுத்தவளுக்கு அந்தப் பொழுதைப் பொறுக்க முடியவில்லை.

பகல் நன்றாகத் திரும்பிய பிறகு வந்தது பஸ். சனம் இறங்கியது. ரோசம்மா ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறாள். பார்க்கிறாள்... பார்க்கிறாள்... ஒல்லிப் பையன் யாரும் இறங்கவில்லை. கடைசி ஆளும் இறங்கியாயிற்று. கண்டக்டர் கதவைச் சாத்துகிறார்.

"வரல டீச்சர்" என்றாள். முகம் செத்துப்போயிற்று.

சனம் கலைந்து போய்க்கொண்டிருந்தது. சட்டென்று அவளுக்கு என்ன தோன்றியதோ... பார்சலை என் கையில் திணித்தாள். இடுப்பில் கையை ஊன்றினாள். பஸ் ஸ்டாண்ட் முழுக்கத் திரும்பிப் பார்க்க ஒரு சத்தம்.

"அடே அரப்பேரூ!"

எங்களைத் தாண்டி, எங்களை உரசிக்கொண்டுகூடப் போயிருந்த ஒரு மனிதர் நின்றார். நல்ல தடிமன். தொப்பை. பாதித் தலை நரை. கையில் ஒரு சின்ன பேக். திரும்பினார். அக்காவும் தம்பியும் அவ்வளவு கிட்டத்தில், முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டே தாண்டிப் போயிருக்கிறார்கள்!

பேக் கீழே விழுந்தது. வந்து அவள் முன்னால் நின்றார். கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, பெரட்டுக்களத்தில் பிந்தி வந்த பையன் நிற்கிறமாதிரியே நின்றார்.

"லேட்டாயிருச்சுக்கா."

ரோசம்மா அவர் கன்னத்தில் கையை வைத்தாள். மீசையைத் தொட்டாள். நரையைத் தொட்டாள்.

"ஒனக்கு இன்னைக்கும் அரப்பேருதாண்டா."

அப்புறம்தான் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன். பக்கத்தில் கடலை விற்ற பெண்ணும், விஷயம் என்னவென்றே தெரியாமல், அழுதாள்.

சட்டை? பொத்தானுக்கும் ஓட்டைக்கும் நடுவில் ஒரு சாண் தூரம்.

திங்கட்கிழமை மூன்று பேருமாகக் கடைக்குப் போனோம். 'விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது' என்று போர்டு தொங்குகிற கடை. நானா அந்தப் போர்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "கொண்டாங்க, மாத்தித் தர்றேன்" என்று கையை நீட்டினார். ரோசம்மா சட்டையைக் கொடுக்கவில்லை. மடித்துத் தன் பையிலேயே வைத்துக்கொண்டாள்.

"இது லொறியில ஏறுன பயலுக்கு எடுத்தது மொதலாளி. இது எங்கிட்டயே இருக்கட்டும். பஸ்ஸுல வந்து எறங்குன ஆளுக்கு வேற ஒண்ணு எடுங்க."

நானா அந்தோணியின் தோளையும் தொப்பையையும் ஒரு பார்வை அளந்தார். தட்டில் கையை வைத்தபடி கேட்டார்.

"அரக்கையா, முழுக்கையா?"

ரோசம்மா யோசிக்கவே இல்லை.

"முழுசாவே எடுங்க. அரை எல்லாம் போதும்."